கொம்பும் காலும்

மழைக்காலம் வந்தால் எங்கள் தெருவில் முதலில் முகம் வாடுவது லாண்டரிக்காரர் வீடுதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், மொட்டை மாடியில் துணி காயும் கம்பிகள். லாட்ஜ்களிலிருந்தும் இரண்டு சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெயிலில் இரண்டு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும் விரிப்பு, மழையில் மூன்று நாளானாலும் நனைந்த பூனை மாதிரி தொங்கும். அப்போது வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிவிடுவார்கள். கூடத்தில், அடுக்களை வாசலில், கட்டிலுக்கு மேலே என்று எங்கும் விரிப்புகள். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே யார் இருக்கிறார்கள் என்று விலக்கிப் பார்க்க வேண்டும்.

கடைக்காரரைத் தெருவே நீராவி என்றுதான் சொல்லும். இஸ்திரிப் பெட்டி ஒரு காரணம், அவர் கோபம் இன்னொரு காரணம். புஸ்ஸென்று வரும், வந்த வேகத்திலேயே போய்விடும். எதிர்க் கடையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் நீராவி அண்ணன், அவர் மனைவி அண்ணி. அண்ணியின் தம்பி வேன் ஓட்டுகிறவன். துவைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்கு மூட்டையோடு திரும்புவான். இந்த மூன்று பேரையும் ஆட்டிவைக்கிற ராணி ஒருத்தி உண்டு. ஒன்றாம் வகுப்பு. பிறக்கும்போது உள்ளங்கை அளவு இருந்தாள் என்று மாமன்காரன் வைத்த பெயர் பட்டன்.

பட்டன் படிப்பாள். அப்படித்தான் தெரு முழுக்க நம்பினோம். சட்டை வாங்க வருகிறவர்கள் பெஞ்சில் காத்திருக்கும்போது அண்ணன் இஸ்திரி போட்டுக்கொண்டே குரல் கொடுப்பார்.

"பட்டன், அந்த நாரைப் பாடத்த எடு."

அவள் புத்தகத்தோடு வந்து நிற்பாள். "ஏரியில் நாரை நிற்குது. ஒற்றைக் காலில் நிற்குது. மீன் வருது. நாரை பார்க்குது." ஒரு தட்டு இல்லை, தடங்கல் இல்லை. கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"ஒண்ணாங் கிளாஸ்லயே இப்படியா?"

"எல்லாம் நம்ம பழக்கம்தாங்க," என்பார் அண்ணன், காலரைத் திருப்பிப் போட்டபடி. "தெனம் சாயங்காலம் நானே சொல்லிக் குடுக்கறேன்."

காலையில் பட்டனுக்கு அடிக்கடி வயிறு வலித்தது. அது மட்டும்தான் அந்த வீட்டில் ஒரு குறை. சூட்டு வலி என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் வர வேண்டும். அண்ணன் அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். ஏதோ பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்று அவர் நினைப்பு. அங்கே நடந்ததைப் பிறகு அண்ணி என் கடையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

டீச்சர் சின்ன வயசுக்காரி. மேஜை மேல் நாரைப் பாடத்தை விரித்துவைத்துப் பட்டனைப் படிக்கச் சொன்னாள். பட்டன் படித்தாள். அண்ணன் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டுப் பலகையில் 'ஏரி' என்று மட்டும் எழுதினாள்.

"இது என்னம்மா?"

"ஏரியில் நாரை நிற்குது. ஒற்றைக் காலில் நிற்குது," என்றாள் பட்டன்.

டீச்சர் அதை அழித்துவிட்டு 'மாடு' என்று எழுதினாள். பட்டன் பலகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு டீச்சர் சொன்னாள்: "ரொம்பப் புத்திசாலி சார் உங்க பொண்ணு. மொத்தப் புத்தகத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா. படத்தப் பாத்ததும் பாட்டு மாதிரி வந்துடுது. ஆனா இன்னும் படிக்கல."

"வார்த்தைக்கு வார்த்தை கரெக்டா சொல்றாளே டீச்சர்."

"சொல்றா. எப்படி சொல்லிக் குடுப்பீங்க?"

"நான் இஸ்திரி போட்டுக்கிட்டே ஒரு வரி சொல்வேன். அவ திருப்பிச் சொல்லுவா. பத்துவாட்டி, இருபதுவாட்டி."

"அப்ப அவ கண்ணு எழுத்து மேல இருக்கான்னு பாப்பீங்களா?"

"துணியிலேருந்து கண்ண எடுத்தா தீஞ்சுடுமே," என்றார்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஆண்டு முடிய நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டால் போதும், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே வகுப்பில் உட்கார வைக்கலாமா என்று ஹெட்மாஸ்டர் கேட்பார் என்றாள். "ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும் சார். பக்கத்துல உக்காருங்க. உங்க கையில எந்த வேலையும் இருக்கக் கூடாது. அவ விரல் வச்சுப் படிக்கட்டும். நின்னுட்டான்னா உடனே எடுத்துக் குடுக்காதீங்க. காத்திருங்க."

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். "அவளுக்கே தெரியும் சார். போன வாரம் எங்கிட்ட தனியா வந்து, 'எங்க அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர், நான் படிக்கறது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்'னு கேட்டுக்கிட்டா."

வழி முழுக்க அண்ணன் வாயைத் திறக்கவில்லையாம். கடைக்கு வந்து ஒரே சட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டாராம்.

"திட்டினாக்கூட பரவால்ல," என்றாள் அண்ணி என்னிடம். "பேசாம இருக்கறதுதான் பயமா இருக்கு. வயித்து வலி என்ன வயித்து வலின்னு இப்பதான் எனக்கும் புரியுது. நான் மோரக் குடுத்துக்கிட்டு கெடந்தேன்."

மறுநாள் அண்ணன் டியூஷன் பேச்சை எடுத்தார். அண்ணி ஒரே போடாகப் போட்டாள்.

"அங்க யாரோ ஒருத்தர் சொல்லுவாங்க, இவ திருப்பிச் சொல்லுவா. அதுக்கு நம்ம இஸ்திரி மேசையே போதும்."

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? மழையில மூட்டை மலையாட்டம் கெடக்கு. கையக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றாங்க. கால் மணி நேரத்துல பத்து சட்டை போட்டுடுவேன்."

"சட்டை நாளைக்கும் வரும். அவ ஒண்ணாங் கிளாஸ் திரும்ப வருமா?"

"வரும்னுதான டீச்சர் பயமுறுத்தறாங்க," என்று வேன்காரத் தம்பி குறுக்கே விழுந்தான். அண்ணி முறைத்ததில் அப்படியே வேன் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பதினாலு வருஷத்தில் கடை நேரத்தில் அந்தப் பெட்டி அணைந்து நான் பார்த்ததில்லை. ஒரு மூட்டை மேல் அவர் உட்கார்ந்தார், இன்னொரு மூட்டை மேல் பட்டன். பெஞ்சில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால் மணி நேரம் பொறுங்க சார். பாப்பாவுக்குப் பாடம்."

முதல் நாள் படுதோல்வி. பட்டன் 'ப' என்று ஆரம்பிப்பதற்குள் அண்ணன் 'படம்' என்று முடித்துவிடுவார். அவளும் விட்டால் போதும் என்று 'படம்' என்பாள். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அண்ணி மாடியிலிருந்து துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து கணவன் கையில் கொடுத்தாள்.

"இத வாயில கடிச்சுக்கங்க. அவ முடிக்கறவரைக்கும் எடுக்கக் கூடாது."

தெருவே வேடிக்கை பார்த்தது. மூட்டை மேல் ஒரு பெரிய மனுஷன், வாயில் மஞ்சள் கிளிப், நெற்றியில் வியர்வை. எதிரே ஒரு சின்னப் பெண் விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். ஊர்த் துணியெல்லாம் பின்னால் மலைபோல் காத்திருந்தது. பட்டனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்தபின் அவளுக்குப் பயம் விட்டுப்போனது என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தன் குழப்பத்தை வாய்விட்டுச் சொன்னாள்.

அண்ணன் சிலேட்டில் 'மாடு' என்று எழுதியிருந்தார். அவள் விரல் வைத்து, "ம... ர... டு... மரடு," என்றாள்.

அண்ணன் கிளிப்பை எடுத்தார். "இது ர இல்லடி, கால்."

"ர மாதிரிதான இருக்கு?"

"கால்னு சொல்றேன்ல."

"நீ சொன்னா எனக்கு எப்படிப்பா தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரி நிக்குது."

அண்ணன் சிலேட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். பிறகு தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து என் கடைக்கே வந்துவிட்டார்.

"தையல், இதப் பாரு. இந்தக் காலும் ரவும் ஒண்ணாட்டம்தான இருக்கு?"

நான் பார்த்தேன். இத்தனை வயசுக்கு அது எனக்குத் தோன்றியதே இல்லை. "ரவுக்குக் கீழ ஒரு சின்ன வால் உண்டுண்ணா," என்றேன்.

"அதான். நூறு வெள்ளச் சட்டையில எது யாருதுன்னு காலர் உள்ள இருக்கற குறியப் பாத்துச் சொல்றேன். எம்பொண்ணுக்கு அந்த மாதிரி ஒரு குறியக் காட்டத் தெரியல எனக்கு." திரும்பிப் போய் அவளிடம் அந்த வாலைக் காட்டினார். அன்று பாட நேரம் முழுவதும் இரண்டு பேரும் பழைய செய்தித்தாளில் வால் இருக்கிறதா இல்லையா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் முக்கால் மணி ஆயிற்று. காத்திருந்தவரும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேட உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் கொம்பு வந்து வழி மறித்தது.

"அப்பா, கொம்ப முன்னாடி எழுதறாங்க. ஆனா அத பின்னாடிதான சொல்றோம்? ஏன்?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மாமன்காரன்தான் சொன்னான்: "லாட்ஜ் வாசல்ல வாட்ச்மேன் நிக்கறார்ல, அந்த மாதிரி. முன்னாடி நிப்பாரு. அதுக்காக லாட்ஜ் அவருதாகிடுமா? உள்ள இருக்கற மொதலாளிய முதல்ல கூப்பிடணும், அப்புறம்தான் வாட்ச்மேன்."

"ரெட்டைக் கொம்பு?"

"அது பெரிய லாட்ஜ். வாட்ச்மேன் தொப்பி சுருண்டு இருக்கும்."

பட்டன் அதைத் திருப்தியாக ஏற்றுக்கொண்டாள்.

கணக்கு அண்ணியின் இலாகா. வீட்டுப்பாடத்தில் 'முப்பத்து நான்கில் எத்தனை பத்துகள், எத்தனை ஒன்றுகள்' என்று கேட்டிருந்தது. அண்ணி கணக்குப் பாடம் என்றாலே கும்பிடு போடுகிறவள். துண்டுகளை மடித்துப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டே மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க எத்தன கட்டு இருக்கு?"

"மூணு."

"கட்டாம உதிரியா?"

"நாலு."

"மொத்தம் எத்தன துண்டு?"

பட்டன் எண்ணக்கூட இல்லை. "முப்பத்தி நாலு." பிறகு நோட்டைப் பார்த்தாள், துண்டுகளைப் பார்த்தாள். "இதத்தான் கேட்டிருக்காங்களா? இது துண்டுன்னு ஏன் டீச்சர் சொல்லவே இல்ல?"

"பதினாலு வருஷமா நான் இதத்தான் பண்றேன்," என்று அண்ணி என்னிடம் வந்து சிரித்தாள். "கணக்குன்னு தெரிஞ்சிருந்தா பயந்து போயிருப்பேன்."

அதன்பின் அந்த வீட்டில் எல்லாமே பாடமாகிவிட்டது. ஈர விரிப்பு ஏழு இருந்து இரண்டு காய்ந்தால் மீதி எத்தனை, கட்டிலின் நீளம் எத்தனை சாண், இன்றைக்குப் புதன் என்றால் ஆஸ்பத்திரி மூட்டை எடுக்க இன்னும் எத்தனை நாள். வயிற்று வலியை ஒரு நாள் காணோம். எப்போது போனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

கட்டின மூட்டைகளில் சீட்டுக் குத்தும் வேலையை அண்ணி மகளிடம் கொடுத்தாள். 'விரிப்பு', 'உறை', 'துண்டு' என்று அண்ணி எழுதிவைப்பாள். பட்டன் பார்த்து அந்தந்த மூட்டையில் குத்துவாள். ஒரு வாரம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஒரு சனிக்கிழமை, கொட்டுகிற மழையில், வேன்காரத் தம்பி போன வேகத்தில் திரும்பி வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அக்கா, ஆஸ்பத்திரில டாக்டர்ங்க கோட்டு கேட்டாங்க. சீட்டப் பாத்து மூட்டையக் குடுத்தேன். பிரிச்சா லாட்ஜ் ஜன்னல் திரை. பூப்போட்ட திரை. பெரிய டாக்டர் அதத் தோள்ல போட்டுப் பாத்துட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா பேஷண்ட் பயப்படுவாங்க'ங்கறாரு."

அண்ணனுக்குப் புஸ்ஸென்று ஏறியது. ஆறு மாதம் கெஞ்சிப் பிடித்த ஆஸ்பத்திரி அது. "யாரு சீட்டு குத்தினது?" என்று கேட்டபோது அவர் குரலில் எனக்கே இங்கே ஊசி நின்றுவிட்டது.

பட்டன் முன்னால் வந்தாள். அழவில்லை. மூட்டையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். 'கோட்டு' என்று இருந்தது.

"இத ஏன் திரை மூட்டையில குத்தின?"

"கட்டுன்னு போட்டிருக்கே," என்றாள் பட்டன். "எல்லாமே கட்டுதான? எது பக்கத்துல இருந்துச்சோ அதுல குத்திட்டேன்."

அண்ணன் சீட்டைப் பார்த்தார். அதில் ரெட்டைக் கொம்பை அவர் விரலால் மறைத்தார், பிறகு காலையும் மறைத்தார். மிச்சம் இருந்தது கட்டு. ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. அவர் மெதுவாக மூட்டை மேல் உட்கார்ந்தார். குலுங்க ஆரம்பித்தார். அழுகிறாரோ என்று நான் மழையில் இறங்கி ஓடினேன். போய்ப் பார்த்தால் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"தப்பாப் படிச்சிருக்கா," என்றார் மனைவியிடம். "புரியுதா? இவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. படம் இல்ல, பாட்டு இல்ல. அவளா பாத்து, அவளா கூட்டி, தப்பாப் படிச்சிருக்கா. படிச்சாத்தான தப்பா படிக்க முடியும்?"

"இதுக்கு நான் மழையில நனைஞ்சேன்," என்றான் தம்பி.

"நனைஞ்சா என்ன. இன்னொருவாட்டி நனை. கோட்ட எடுத்துக்கிட்டுப் போ."

பட்டன் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். விரலால் கொம்பிலிருந்து ஆரம்பித்தாள். "க... ரெட்டைக் கொம்பு... கால்... கோ... கோட்... டு." தலையை நிமிர்த்தினாள். "டாக்டர் கோட்டா? அத அம்மா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல." தானே போய்க் கோட்டு மூட்டையைத் தேடிப் பிடித்துச் சீட்டைக் குத்திவிட்டு வந்தாள்.

நாலு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணைக்கு என்னையும் வரச் சொன்னாள் அண்ணி. வகுப்பறையில் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. அண்ணன் அதில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். டீச்சர் அலமாரியிலிருந்து பட்டன் பார்த்தே இராத ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, படத்தின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்து, எழுத்தை மட்டும் காட்டினாள்.

பட்டன் விரலை வைத்தாள்.

"ந... ரி... நரி... நரிக்... கு." நின்றாள். மூச்சு வாங்கினாள். "நரிக்கு. த... இல்ல. கால் இருக்கு. தா... க... ம். நரிக்குத் தாகம்." பிறகு, "கி... கிண... று. கிணறு."

அண்ணன் கைகள் இரண்டும் நாற்காலியைப் பிடித்திருந்தன. உதடு மட்டும் அவளோடு சேர்ந்து அசைந்தது, சத்தம் வரவில்லை. 'எட்டி' என்ற இடத்தில் அவள் வெகுநேரம் நின்றுவிட்டாள். டீச்சரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. "எ... ட்... டி. எட்டிப் பா... ர்... த்... தது." மூன்று வரிக்கு நாலு நிமிஷம் ஆனது. முடித்ததும் அவள் தாளைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் நரி.

"சரியாத்தான் படிச்சிருக்கேன்," என்றாள், படத்திடம் சொல்வதுபோல.

டீச்சர் அண்ணனைப் பார்த்தாள். "ரெண்டாங் கிளாஸுக்குப் புது நோட்டு வாங்கிடுங்க சார்."

"திக்கித் திக்கிப் படிச்சா டீச்சர்," என்றார் அண்ணன். "எவ்வளவு அழகா திக்கித் திக்கிப் படிச்சா."

அன்றைக்குத் தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் அதையே சொன்னார். "எம்பொண்ணு எழுத்துக்கு எழுத்து நின்னு நின்னு படிக்கறா சார்." முன்பு நாரைப் பாடத்தைக் கேட்டு வாய் பிளந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்லா ஓடிக்கிட்டிருந்த பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் வந்து ரகசியமாக விசாரித்தார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் தெரு பத்து நிமிஷ நடை. அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. பட்டன் ஒவ்வொரு கடை முன்னாலும் நின்றாள். 'பால்' படித்தாள். 'சைக்கிள்' முன்னால் நின்று விழித்து, மாமனின் வாட்ச்மேனை அழைத்துப் பார்த்து, இங்கே நிற்பவர் வேறு வாட்ச்மேன் என்று தெரிந்துகொண்டு, அப்பாவோடு சேர்ந்து மெதுவாக அதையும் கடந்தாள். 'இங்கே குப்பை போடாதீர்' என்பதைப் படித்துவிட்டு, கீழே கிடந்த குப்பையைப் பார்த்து, "இவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டாள்.

என் கடைக்கு வந்து மேலே பார்த்தாள்.

"தை... ய... ல. தையல. க... டை. தையல கடை." திரும்பி என்னைப் பார்த்தாள். "அத்தை, உங்க கடை பேரு தையலவா?"

"தையல்தான் கண்ணு. நல்லாப் பாரு."

"புள்ளி இல்லையே."

நான் ரோட்டில் இறங்கி நின்று பார்த்தேன். மழையும் வெயிலும் எப்போது அந்தப் புள்ளியைத் தின்றதோ தெரியவில்லை. எத்தனை வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பேர் அதைப் பார்த்து உள்ளே வந்திருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எல்லோருக்கும் அது என்னவென்று முன்பே தெரிந்திருந்தது. யாரும் படிக்கவில்லை.

துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அண்ணன் அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு அவள் ல-வின் தலையில் புள்ளி வைத்தாள். நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது அந்தப் புள்ளி. அண்ணி நல்லாருக்கு என்றாள். நான் அதை அழிக்கவே கூடாது, பெயிண்டரைக் கூப்பிட்டு அதே அளவில் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, இறக்கி விடாத," என்றாள் பட்டன். தோளிலிருந்து பார்த்தால் பக்கத்துக் கடையின் பலகை கண்ணுக்கு நேராக வந்தது. விரலை நீட்டினாள். "ம... ரு..."

அடுத்தது 'ந்'. அதில் நின்றுவிட்டாள். லாண்டரி வாசலில் இரண்டு பேர் சட்டைக்குக் காத்திருந்தார்கள். வேன் வந்து ஹாரன் அடித்தது. அண்ணன் அசையவில்லை. மகளின் இரண்டு கால்களையும் மார்போடு பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, பலகையையே பார்த்தபடி நின்றார்.